இரட்சணிய யாத்திரிகத்தில் அலர்ந்த முகமும் புண்பட்ட நெஞ்சும்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பாதையிற் செல்வன. ஆசிரியர் கிறித்தவக் கம்பர் எனப் பெயர் பெற்றவர். ஜான் பனியனின் நூலைத் தழுவியவர். கம்பனின் சொல்லும் சந்தமும் இவர்பால் நிரம்ப உள. இவை ஒப்புமைப் பகுதிகள் என்று இரு நூல்களின் பாடல்களையும் அடுத்தடுத்து நிறுத்தி முடிப்பதே வழக்கமாகிவிட்டது. அப்பட்டியல்களால் பயனில்லை என்பது நம் கருத்தன்று. ஆயினும் ஒப்புமை தொகுப்போர் பொதுவாக வேற்றுமையைத் தொகுப்பதில்லை. கம்பனை வரி வரியாக உள்ளத்திற் கொண்ட ஒருவர் எவ்விடத்தில் கம்பனோடு செல்லாது நின்றுவிட்டார் என்று கண்டால், அவர் எதனைத் தேடினார், எதனைக் கண்டார் என்பது புலனாகும். அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வெண்ணம் எழுந்தது ஒரு மாணவரின் வினாவால். யாம் வாழும் பாலக்கோட்டுப் பகுதி மொழிக் கலப்பு மிக்கது. தக்காளிச் சந்தைக்கு வரும் உழவர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சில் மாறி மாறி வழங்குவர். அங்கிருந்து முதுகலை பயில வந்த ஒருவர், வீட்டில் கன்னடம் பேசுபவர், பாட்டனார் காலத்திற் கிறித்தவரான குடும்பத்தினர். பள்ளிச் சான்றிதழில் அவருக்கு ஒரு பெயர். திருமுழுக்கில் வேறொரு பெயர். வகுப்பில் இரட்சணிய யாத்திரிகம் நடந்துகொண்டிருந்தபோது அவர் எழுந்து, "ஐயா, மதம் மாறிய பிறகும் இவர் கம்பனை ஏன் விடவில்லை? விட்டிருந்தால்தானே முழுக்க மாறியதாகும்?" என்று கேட்டார். வகுப்பிற் சிலர் நகைத்தனர். எமக்கு நகை தோன்றவில்லை. அவர் கேட்டது கிருஷ்ணபிள்ளையைப் பற்றி மட்டுமன்று என்பது தெளிவாகவே இருந்தது. அன்று யாம் சொன்ன விடை நிறைவானதன்று.

கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிப் பகுதியில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பராமாயணம் அவர் பிறந்த வீட்டில் நாளும் ஒலித்த நூல். 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பொழுது அவருக்கு அச்சமயத்தின்பால் விருப்பமில்லை. ஊதியத்தின் பொருட்டு ஏற்ற பணியாகவே அது தொடங்கியது. ஐந்தாண்டு கழித்து, 1858இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அப்பொழுது அவர்க்கு இடப்பட்டவை ஹென்றி, ஆல்பிரட் என்னும் இரு பெயர்கள்.

இப்பெயர் பற்றி ஒன்று கூறல் வேண்டும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை என்னும் தொடரில் ஒரு மனிதனின் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது. புதிய சமயம் தந்த இரு பெயர்களும் இரண்டு எழுத்துகளாகக் குறுகி முன்னே நிற்கின்றன. பழைய சமயத்தின் கடவுட் பெயர் நடுவில் முழுமையாக நிற்கிறது. சாதி குறித்த சொல் இறுதியில் ஒட்டிக்கொண்டுள்ளது. 2019ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் அவரை எச். ஏ. கிருட்டிணனார் என்று எழுதியது. இறுதிச் சொல்லை நீக்கித் தமிழ் ஒலி மரபிற்கும் மாற்றிவிட்டது. அவர் வாழ்ந்த காலத்தில் கண்ணன் பெயரைக் களையுமாறு கூறுவோர் இருந்திருப்பின் வியப்பில்லை. அவர் களையவில்லை. எம் மாணவரின் வினாவிற்கு முதல் விடை அப்பெயரிலேயே உள்ளது.

இனி நூலுக்கு வருவோம். பனியன் பெட்பர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோவிற் பிறந்த பாத்திரத் தொழிலாளர். உரிமம் பெறாது சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதற் பன்னிரண்டாண்டு சிறையிருந்தவர். அவருடைய பயண நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. முதுகிற் சுமையும் கையில் ஒரு நூலுமாக நிற்கும் ஒருவன், அழியவிருக்கும் தன் நகரை விட்டு ஓடுகிறான். மனைவியும் மக்களும் அழைக்க, காதிற் கைவிரல்களை இட்டுக்கொண்டு ஓடுகிறான். இத்தொடக்கம் தமிழ் மரபிற்கு எத்துணை அயலானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்க் காப்பியத் தலைவன் தனியன் அல்லன். அவனுக்கு நாடு உண்டு, நகர் உண்டு, ஆறு உண்டு, குடி உண்டு. தன் ஓருயிரை மட்டும் காத்துக்கொள்ள ஓடுபவனைத் தலைவனாக்குதல் தண்டியாசிரியர் கூறும் பெருங்காப்பிய இலக்கணத்திற்குள் எளிதில் அடங்காது. கிருஷ்ணபிள்ளை அதனை ஐந்து பருவங்களில் 3766 பாடல்களாக விரித்தார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்பன அவை. பாரதத்தின் பருவப் பெயரும் இராமாயணத்தின் ஆரணியமும் இப்பகுப்பிலேயே கலந்து நிற்றல் காண்க. நற்போதகம் என்னும் திங்களிதழிற் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்து, 1894இல் நூல் வடிவம் பெற்றது. அப்பொழுது ஆசிரியர்க்கு அகவை 67. பதின்மூன்று ஆண்டு திங்கள்தோறும் பாடல் எழுதியளிப்பது ஓர் ஊழியம். தம் தமிழ்க் கல்வியை எதன்பொருட்டுப் பெற்றோம் என்னும் ஐயம் அவர்க்கு ஒருகால் இருந்திருக்குமாயின், அப்பணியில் அது தீர்ந்திருக்க வேண்டும்.

பனியனின் கதையில் பயணி சிலுவையைக் காண்கிறான். கண்ட அளவில் முதுகின் சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் வீழ்கிறது. ஆனால் அச்சிலுவையில் நிகழ்ந்தது யாது என்பதைப் பனியன் விரித்துரைப்பதில்லை. அவர்தம் வாசகர் வீடுகளில் விவிலியம் இருந்தது. கதை அவர்கட்குத் தெரியும். கிருஷ்ணபிள்ளைக்கு அவ்வசதியில்லை. ஆதலின் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து இயேசுவின் இறுதிக் காலத்தைப் பாடினார் என்று கூறுவர். அக்காரணம் உண்மையே, ஆனால் போதாது. அறிவிப்பதே நோக்கமாயின் சுருங்கச் சொல்லியிருப்பார். அவ்விடத்தில் அவர் நின்று பாடுகிறார். பனியனின் நூலில் நடுவிடம் பயணிக்கு உரியது. கிருஷ்ணபிள்ளையின் நூலில் பயணியை ஒருபுறம் நிறுத்திவிட்டு, யாரை நோக்கிப் பயணமோ அவர் நடுவிடத்தைக் கொள்கிறார். தன்னை அறிதல் தன்னுள்ளே நோக்குவதால் வருவதன்று, தான் யாருடையவன் என்று அறிவதால் வருவது என்னும் கொள்கை ஆழ்வார் பாடல்களில் ஊறியவர்க்குப் புதியதன்று. அடியான் என்பதே அங்கு உயிருக்குரிய பெயர். அம்மரபினர் பனியனைக் கையிலெடுத்தால் நூலின் நடுவிடம் இடம் மாறத்தான் செய்யும்.

அப்படலத்தில் இரண்டு இடங்களை நுணுகிக் காண்போம்.

முதலாவது, கட்டுண்ட காட்சி. பகைவர் கயிற்றாற் கட்ட, இயேசு அதற்கு இசைந்து நிற்கிறார். கட்டுவோர்க்குத் தம் கொடுஞ்செயலால் வரவிருக்கும் துன்பத்தை எண்ணி அவர் வாடி நின்றது போல் இருந்தது என்றும், அவர்கள்மேற் கொண்ட அன்பாகிய உறுதியான கட்டிலிருந்து அவரால் விடுபட இயலவில்லை என்றும் பொருள்படப் பாடுகிறார் ஆசிரியர். கயிறு இரண்டு: ஒன்று பகைவர் கையிலுள்ளது, மற்றொன்று அவர்தம் நெஞ்சிலுள்ளது. முன்னதன்று, பின்னதே அவரைப் பிணித்தது. கம்பனில் அனுமன் கட்டுண்ட இடம் நினைவிற்கு வரும். ஆயின் அனுமன் அயன்படைக்கு மதிப்பளித்தும் இராவணனைக் காணும் வாய்ப்பென எண்ணியும் இசைந்தவன், அது வினைத்திறம். கிருஷ்ணபிள்ளையின் பாடலுக்கு உறவு வேறிடத்தில் உள்ளது. யசோதையின் சிறு கயிற்றாற் கட்டுண்டு உரலோடு நின்ற கண்ணனை மதுரகவியாழ்வார் கண்ணிநுண் சிறுத்தாம்பில் தொடக்கத்திலேயே நினைக்கிறார். அக்கட்டுண்ட எளிமையை எண்ணி நம்மாழ்வார் ஆறு திங்கள் மோகித்திருந்தார் என்பது வைணவ உரைமரபு. உலகைக் கட்டுபவன் அன்பாற் கட்டுண்டான் என்பதே அங்கு வியப்பு. கிருஷ்ணபிள்ளை இதனைக் கற்றறியாதவர் அல்லர். கண்ணன் பெயரையே தம் பெயராகச் சுமந்தவர், கெத்செமனேயின் கயிற்றைப் பாடும்போது ஆய்ப்பாடியின் தாம்பு அவர் உள்ளத்திற் புரளாதிருந்திருக்குமா? ஆயினும் வேற்றுமையும் உண்டு. அங்குக் கட்டியவள் தாய். இங்குக் கட்டியவர் கொல்ல வந்தோர். எளிமை என்னும் பண்பு பகைவரிடத்தும் செல்லுமா என்று பழைய மரபை அவர் உசாவுவதாக இப்பாடலைக் கொள்ளலாம்.

இரண்டாவது இடமே இக்கட்டுரையின் உயிர்நிலை. பாதகர் கூடி நின்று பழித்துரைக்கின்றனர். அப்பழியுரையை இயேசு செவியால் உட்கொள்கிறார். உள்ளம் தீயிற்பட்டது போல் வெதும்பிப் புண்ணாகிறது. ஆனால் பிறர் நோவச் சினந்து ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. பொறுமையில் மலையென நின்றார். இதுவே அப்பாடலின் கருத்து.

இதனைப் படித்தவுடன் தமிழறிந்தார் யார்க்கும் கைகேயியின் முன் நின்ற இராமன் தோன்றுவான். நாடு பரதனுக்கு, காடு உனக்கு என்ற சொல்லைக் கேட்டபொழுது அவன் திருமுகம், அன்று மலர்ந்த செந்தாமரையை வென்றுவிட்டது என்றார் கம்பர். அசோகவனத்தில் இருந்த சீதை அம்முகத்தையே நினைக்கிறாள். ஆட்சியை ஏற்றுக்கொள் என்றபோதும், துறந்து செல் என்றபோதும், ஓவியத்துத் தாமரை போல் மாறாதிருந்த முகம் அது. இவ்விரண்டு இடங்களும் கிருஷ்ணபிள்ளை சிறுவயது முதற் கேட்டவை. பொறுமைக்கு ஒரு படிவம் வேண்டுமெனில் அது அவர் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது. கம்பனைப் பின்பற்றுபவராக மட்டும் அவர் இருந்திருந்தால், பழியுரை கேட்ட இயேசுவின் முகத்தையும் தாமரையாக்கி இருப்பார். நூல் முழுதும் கம்பன் சொல்லை எடுத்தாள்பவர்க்கு அது இயல்பான வழியுங்கூட. அவர் அவ்வாறு செய்யவில்லை. முகத்தை விட்டு நெஞ்சிற்குள் சென்றார். அங்குப் புண் இருந்தது என்றார்.

கம்பனின் இராமன்பால் வியப்பிற்குரியது யாதெனில், அச்சொல் அவனைத் தொடவில்லை என்பது. கிருஷ்ணபிள்ளையின் இயேசுவிடத்து வியப்பிற்குரியது, அச்சொல் அவரைச் சுட்டது. சுட்டும் மறுசொல் எழவில்லை என்பது. முன்னது புண்படாமையின் பெருமை. பின்னது புண்பட்டும் பொறுத்த பெருமை. இரண்டனுள் எது உயர்ந்தது என்று தீர்ப்பளித்தல் திறனாய்வாளன் வேலையன்று. கிருஷ்ணபிள்ளை எதனைத் தேடி ஒரு வீட்டை விட்டு மற்றொரு வீட்டிற்குச் சென்றார் என்பதற்கு இப்பாடல் சான்று என்பதே எம் கருத்து. அடியவன் துன்பத்தை நீக்கும் கடவுளை அவர் முன்பே அறிவார். பழிச்சொல்லால் தானும் நெஞ்சு வெந்த கடவுளை அவர் புதிதாகக் கண்டார். தம் சுற்றத்தாரின் பழியுரையைச் செவியால் உண்ண நேர்ந்த ஒருவர்க்கு அக்காட்சி எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

இங்கு ஒரு தடை எழும். கம்பனின் இராமனும் அழுகிறான் அல்லனோ? தந்தை இறந்த செய்தி கேட்டு வீழ்கிறான். சடாயுவைத் தழுவிப் புலம்புகிறான். சீதையை இழந்து மரத்தொடும் மலையொடும் பேசுகிறான். கார்காலத்தில் அவன் படும் வேதனை தமிழில் ஒப்பற்ற பகுதி. இவையெல்லாம் உண்மை. கம்பனின் தலைவன் உணர்ச்சியற்றவன் என்று கூறுதல் கம்பனைப் படியாதார் கூற்று. ஆயின் இவை அனைத்தும் பிரிவால் வந்த துயர். பகைவர் எதிர்நின்று இகழ, அவ்விகழ்ச்சியால் நெஞ்சு புண்பட்டு, புண்படுத்தியவர்பால் சினமெழாது நிற்கும் நிலை அவற்றுள் இல்லை. இழிவுபடுத்தப்பட்ட தலைவனைக் காப்பிய நடுவில் நிறுத்த நம் பழைய காப்பிய மரபில் இடமும் இல்லை. இழிவுற்றவன் பகை முடித்தல் வேண்டும். திரௌபதியின் விரிந்த கூந்தலுக்குக் குருதி வேண்டும். அம்மரபின் சொற்களைக் கொண்டே அம்மரபில் இல்லாத ஒருவரைப் பாடுவதுதான் கிருஷ்ணபிள்ளை ஏற்ற அரிய வேலை.

அதன் அருமையை அவரே உணர்ந்திருந்தார் என்று நினைக்க இடமுண்டு. அப்படலத்திற் காண்போர் கூற்றாக ஒரு பகுதி வருகிறது. இக்கொடுமை கண்டும் வானம் இடிந்து வீழவில்லையே, நிலம் பிளந்து விழுங்கவில்லையே, கடல் வற்றவில்லையே, உலகு அழியக் காலம் தாழ்ப்பதென்ன என்று அவர்கள் கலங்குகின்றனர். கம்பனின் நகர் நீங்கு படலத்தில் கிளியும் பூவையும் மகவும் அழுததை இது நினைவூட்டும். ஆனால் அயோத்தியில் அனைத்தும் அழுதன. எருசலேமில் இயற்கை வாளா இருக்கிறது. அழ வேண்டியவை அழாதிருந்தமை கண்டு மக்கள் திகைக்கின்றனர். பழைய காப்பியத்தின் எதிர்பார்ப்பை மக்கள் வாயில் வைத்து, அஃது அப்போது நிறைவேறாமையையும் அவர்கள் வாயாலேயே கூறவைத்தார் ஆசிரியர். இதனை ஒப்புமைப் பட்டியலிற் சேர்த்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால் நயம் முழுதும் வேற்றுமையில் உள்ளது.

நூலிடையே வரும் இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்று பெயரிட்டார் என்பதும் கருதத்தக்கது. 1884இல் வந்த அவருடைய மற்றொரு நூலின் பெயர் போற்றித் திருவகவல். முன்னது மூவர் பாடல்களுக்கும் பின்னது மாணிக்கவாசகர்க்கும் உரிய பெயர் வழக்குகள். வைணவராகவே இருந்திருந்தால் தம் பாடலுக்குச் சைவத் திருமுறையின் பெயரைச் சூட்ட அவர் துணிந்திருப்பாரோ? இஃது ஊகமே. ஆயினும் சமயம் மாறியதால் அவர் தமிழ் மரபில் ஒரு பகுதியை இழந்தார் என்போர் இதற்கு விடை கூறல் வேண்டும். மாறிய பின்னரே ஆழ்வாரும் நாயன்மாரும் ஒருசேர அவர்க்கு முன்னோராயினர்.

வீரமாமுனிவர் தேம்பாவணி பாடினார். அவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழைக் கற்று ஏற்றவர். அவருக்கும் முன்னே 1623இல் மதுரையை விட்டுச் சேலம் பகுதிக்கு, அஃதாவது எம் மாவட்டத்திற்கு அணித்தே, வந்த தத்துவபோதகர் இராபர்ட்டு தெ நொபிலி, கிறித்தவனாவதற்குத் தமிழ்க் கோலத்தைத் துறக்க வேண்டுவதில்லை என்று வாதிட்டவர். இவ்விருவரும் வெளியிலிருந்து உள்ளே வந்தோர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்து பெத்தலகேம் குறவஞ்சி பாடியவர். அவர்க்குக் கடக்க வேண்டிய வாயில் ஒன்றுமில்லை. கடந்த அடிச்சுவடு பாட்டிலேயே தெரியுமாறு பெருநூல் ஒன்றை விட்டுச் சென்றவர் கிருஷ்ணபிள்ளை.

குறைகளையும் கூறாதொழிதல் முறையன்று. பனியனின் பாத்திரங்கள் சந்தைத் தெருவிற் பேசுவோர், நகைச்சுவை உடையோர். கிருஷ்ணபிள்ளையின் பாத்திரங்கள் பெரிதும் மேடையில் நின்று பேசுவோர். வடசொல் மிகுதியால் பல பாடல்கள் ஓசையில் ஓடிப் பொருளில் நின்றுவிடுகின்றன. கொள்கை விளக்கம் நீளும் இடங்களில் கவிஞர் மறைந்து போதகர் தோன்றுகிறார். நூல் முழுவதையும் ஒரே மூச்சிற் போற்றுவோர் அதனை முழுதும் படித்தவர்தாமோ என்று ஐயுறல் வேண்டியுள்ளது. இரட்சணிய சரிதப் படலத்தின் உயரத்தை நூலின் எல்லாப் பகுதியும் எட்டவில்லை.

மற்றொன்றும் உண்டு. பயணியின் முதுகுச் சுமை சிலுவையருகே கழன்று வீழ்ந்தது என்பர். பிள்ளை என்னும் சொல் அச்சுமையோடு வீழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தென்னாட்டுத் திருச்சபைகளில் ஒரே கோயிலுக்குள் சாதி நோக்கி இருக்கை பிரித்தது குறித்துப் பூசல்கள் நடந்தன என்பது வரலாறு. சமயம் மாறியவர் அனைவரும் ஒரே பொருளிற் புதிய மனிதராகவில்லை. உயர்குடியில் பிறந்து கம்பனோடு உள்ளே வந்தவர் ஒரு வகையினர். கொண்டுவர ஏடு ஏதுமின்றி, தம்மை மனிதர் என்று அழைத்த முதற்குரலைக் கேட்டு வந்தவர் மிகப் பலர். இரண்டாம் வகையினரின் தன்னறிவைப் பாடும் பெருநூல் 1894இல் எழுதப்படவில்லை. அதற்குக் கிருஷ்ணபிள்ளையைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயினும் அவருடைய நூலைத் தமிழ்க் கிறித்தவர் அனைவரின் குரலாகக் கொள்வதும் பொருந்தாது. எம் மாணவரின் பாட்டனார் எவ்வகையினர் என்று யாம் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை.

இக்கருத்துகளைப் பின்னொரு நாள் வகுப்பில் விரித்துரைத்தோம். தாமரை முகத்தையும் புண்பட்ட நெஞ்சையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதியிருந்தோம். அம்மாணவர் நெடுநேரம் அதனையே நோக்கியிருந்து, "ஐயா, கண்ணகியை எங்கே எழுதுவீர்கள்? அவளுக்கும் நெஞ்சு வெந்ததுதானே. அவள் ஊரை எரித்தாள். இங்கே ஊர் ஏன் எரியவில்லை என்று மக்களே கேட்கிறார்கள். கிருஷ்ணபிள்ளைக்குச் சிலப்பதிகாரம் தெரியுமா?" என்றார். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892இல். நற்போதகத்தில் யாத்திரிகம் தொடங்கியது அதற்குப் பல்லாண்டு முன்னர். காண்போர் கூற்றாகிய அப்பாடல்கள் இதழில் வந்த நாளிலேயே இவ்வடிவில் இருந்தனவா, 1894ஆம் ஆண்டுப் பதிப்பிற்காகத் திருத்தப்பட்டனவா என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே அவ்வினாவிற்கு விடை கூற இயலும். அப்பணியை அம்மாணவரே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டுள்ளார்.